நெல் கொள்முதல் நிலையத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடர்: இன்றைய தொலைக்காட்சிக்கு எப்படி எழுதுவது?

வடவாறு (மன்னார்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவுக்கும் சிறு நாடகங்கள் எழுதிவருபவன் நான். இப்போது தொலைக்காட்சியை மனத்தில் கொண்டு, அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கதை நடக்கும் இடம், விவசாயிகளிடமிருந்து அரசு நெல்லை வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம். நெல்லைக் கொண்டுவந்து களத்தில் கொட்டிய விவசாயி, அது எடை போடப்பட்டு மூட்டையாகும் வரை அங்கிருந்து நகர முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயவைக்க வேண்டும். சாக்கு வந்துசேரவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். வானம் இருட்டினால் தார்ப்பாய்க்கு ஓட வேண்டும். பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமை தூக்கும் தொழிலாளர்கள், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள், அவர்களுடைய அடுத்தடுத்த இரண்டு குவியல்கள் என்று எல்லாரையும் ஒரே இடத்தில் பல இரவுகள் கட்டிப்போட்டுவிடுகிற இந்தச் சூழலைவிட நகைச்சுவைக்கு ஏற்ற களம் நம் பகுதியில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் நெடுந்தொடர் ஒன்றில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். முழுத் திரைக்கதையோடு வருபவர்களை இப்போது யாரும் தேடுவதில்லை, ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் இருந்தால் போதும், மீதியைக் கதை விவாதத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். இணையத் தளங்கள் எட்டு எபிசோடுகளுக்குள் முடியும் கதையைக் கேட்பதாகவும், அதிலும் கொலையோ துப்பறிதலோ இருந்தால்தான் காது கொடுப்பதாகவும் அவர் சொல்கிறார். அப்படியானால் ஒவ்வொரு எபிசோடையும் வசனத்தோடு முழுமையாக எழுதுவது வீண் வேலையா? இதைத் தனியாக எழுதுவது நல்லதா, இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுவது நல்லதா? பாத்திரங்கள் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினால் மற்ற மாவட்டத்தார் ரசிப்பார்களா? இத்துறையை அறிந்தவர்களும், நல்ல நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

காவிரிக்கரை வாசகர் (கும்பகோணம்) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். முழுமையாக எழுதும் எண்ணத்தை எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் நாங்கள் பார்த்துச் சிரித்தவற்றில் பெரும்பகுதி, சபா மேடைகளிலும் வார இதழ்களிலும் ஏற்கெனவே மக்களின் சிரிப்பைப் பெற்றுவிட்டவை. நம் திருவிடைமருதூரில் 1913-இல் பிறந்த தேவன், ஆனந்த விகடனில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ பின்னாளில் தூர்தர்ஷனில் தொடராக வந்து, காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். அந்தக் கதைகளின் கட்டமைப்பைக் கவனித்துப் பாருங்கள். கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லாத ஒரு வங்கி எழுத்தர் ஏதோ நினைத்து ஏதோ செய்கிறார். அதுவே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. போலீஸ்காரர்கள் அவரை மேதை என்று கொண்டாடுகிறார்கள். உண்மை படிப்பவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு கதையும் தனியாக முடிந்துவிடும், ஆனால் எல்லாக் கதைகளும் இந்த ஒரே விசையில்தான் ஓடும். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு இன்றும் தேவைப்படுவது இத்தகைய தீராத விசைதான். தொலைக்காட்சி நம் வீடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1957-இல் மறைந்துவிட்ட ஒருவர் அதை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இரண்டாவது, மேடையில் சோதித்துப் பார்ப்பது. கிரேசி மோகன் பொறியியல் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் நாடகம் எழுதியவர். அவருடைய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ 1976-இல் மேடையேறியது. 1979-இல் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினார். ‘அபூர்வ சகோதரர்கள்’ திரைப்படத்தின் வசனத்துக்காக நாடே அவரைப் பேசியது 1989-இல். இடைப்பட்ட காலம் முழுவதும், எந்த வசனத்துக்கு அரங்கம் சிரிக்கிறது, எந்த இடத்தில் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடுகிறது என்பதை அவர் மேடைக்கு மேடை காதால் கேட்டுத் திருத்தியிருக்கிறார். நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த கே. பாலசந்தரும், கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபடி மேடைக்கு எழுதியவர்தான். ‘சர்வர் சுந்தரம்’ மேடையில் வெற்றி பெற்ற பிறகே 1964-இல் திரைப்படமானது.

ஆகவே உங்கள் தொடரின் முதல் இரண்டு எபிசோடுகளை மேடை நாடகமாகவே போட்டுவிடுங்கள். மன்னார்குடியிலும் திருவாரூரிலும் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக்கிடந்தவர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அவர்கள் சிரிக்காத இடத்தை வெட்டிவிடுங்கள்.

நன்னிலத்துக்காரன் (இப்போது சென்னை) எழுதியது:

நெடுந்தொடர்களின் எழுத்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெரியவர் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது உண்மை. வாரத்துக்கு ஒரு முறை ஒளிபரப்பான தொடருக்கு, எழுதியதைத் திருப்பிப் படித்துத் திருத்த ஆறு நாட்கள் கிடைத்தன. 1990-களின் இறுதியில் பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ போன்ற தொடரில், ஒரு கணவன் மனைவிச் சண்டை தொடங்கி, முறுக்கேறி, ஒரே எபிசோடில் முடியும். அந்த அமைப்பை எழுத்தில் முன்கூட்டியே தீர்மானிக்காமல் படப்பிடிப்புத் தளத்தில் உருவாக்க முடியாது. தினசரித் தொடர் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு எபிசோடு அளவுக்குக் காட்சிகளை எடுத்தாக வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று வேலை பிரிந்துவிட்டது. காட்சியும் வசனமும் எழுதிய சீன் பேப்பர் சில நேரங்களில் அன்று காலையில்தான் நடிகர் கைக்கு வரும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டிஆர்பி வியாழக்கிழமை வந்ததும், எந்தப் பாத்திரத்துக்கு வரவேற்பு கூடியிருக்கிறதோ அதன் பக்கம் கதை திரும்பும். அழுகையும் பகையும் இந்த அவசரத்தைத் தாங்கும், ஏனென்றால் ஒரு சண்டையை நான்கு நாள் இழுத்தால் அதன் வலு கூடக்கூடச் செய்யும். சிரிப்பு அப்படித் தாங்காது. அதற்கு முன்கூட்டியே விதைத்துவைத்த தகவல் வேண்டும், சரியான இடத்தில் முடிவு வேண்டும், நடிகருக்கு ஒத்திகை வேண்டும். தமிழ்த் தொலைக்காட்சியில் எழுதப்பட்ட நகைச்சுவைத் தொடர் அருகிப்போனதற்கு, ரசனை மாறியதைவிட நேரம் பறிபோனதே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வெற்றிடத்தில் வேறொன்று வளர்ந்தது. விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’, வெற்றிப் படங்களைப் பகடி செய்தது. கதையைப் பார்வையாளர் முன்பே அறிந்திருந்ததால், எழுதுபவருக்கு அடித்தளம் இலவசமாகக் கிடைத்தது. 2005 முதல் ‘கலக்கப் போவது யாரு’ வந்தபோது, நடிப்பவரே எழுத்தாளரும் ஆனார். ஐந்து நிமிடத்தில் தானே எழுதித் தானே நின்று சிரிக்கவைத்தார். அவர்களின் உழைப்பை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் பயிற்சி துணுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும்; பாத்திரம் எழுதக் கற்றுக்கொடுக்காது. திரைப்படத்திலும் நெடுங்காலம் கதை ஒருவருடையது, நகைச்சுவைப் பகுதி வேறொருவருடையது என்ற ஏற்பாடுதான் இருந்தது. ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணியும் செந்திலும் பேசிய வசனங்கள் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கின்றன. அந்தப் பகுதியை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? எழுதுகிறவர் பெயர் மறைந்துபோவதை நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தனியாகவா, கூட்டாகவா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரை ஜான் கிளீஸ், கானி பூத் என்ற இருவர் மட்டுமே எழுதினார்கள். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டு எபிசோடுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பூட்டைப் போல இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒரு பருவத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் தேவைப்பட்டதால், பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஒரே அறையில் அமர்ந்து எழுதும் முறை உருவானது. புதியவர்கள் அந்த அறையில் மூத்தவர்களோடு உட்கார்ந்தும் படப்பிடிப்புத் தளத்துக்குப் போய் நின்றும் தொழில் கற்றார்கள். ஸ்ட்ரீமிங் வந்ததும் எபிசோடுகள் எட்டு, பத்து என்று சுருங்கின. எழுத்தாளர் அறையும் சில வாரங்களுக்கு மட்டும் கூடும் சிறிய அறையாகச் சுருங்கியது. 2023 மே 2 முதல் 148 நாட்கள் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். குறைந்தது எத்தனை எழுத்தாளர்களை அமர்த்த வேண்டும் என்பதையும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் கொள்ள முடியாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்கினார்கள். நம்மிடம் அந்த வலுவில் ஓர் எழுத்தாளர் அமைப்பு இல்லை. நீங்கள் இருவராக எழுதுங்கள் என்பேன். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சிரிக்கிறாரா என்று உடனுக்குடன் தெரிந்துவிடும்.

மாறுபடும் இடம் இதுதான். சபா நாடகங்கள் தந்த பயிற்சியைப் போற்றும் அதே வேளையில், அவற்றின் உலகம் பெரும்பாலும் சென்னை நடுத்தர வர்க்க வரவேற்பறைக்குள் அடங்கியிருந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே நம் டெல்டாக்காரர் சமையற்காரராகவோ ஊரிலிருந்து வந்து தங்கிவிடும் மாமாவாகவோதான் அதிகம் தென்பட்டார். களத்துமேட்டில் நிற்பவருக்கு அந்த மேடையில் இடம் இருக்கவில்லை. நீங்கள் அந்த நாடகங்களின் கைத்திறனை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அரசலாற்றங்கரை (காரைக்கால்) எழுதியது:

எங்கள் வீட்டில் இன்றும் சம்பா சாகுபடி நடக்கிறது. ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எழுத்துத் துறை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் களத்தைப் பற்றியும், அதில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதைப் பற்றியும் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஈரப்பதக் கருவி 17 காட்டுவதா 19 காட்டுவதா என்பது அந்த வீட்டின் கடனும் கல்யாணமும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்த விஷயம். நெல் மழையில் முளைத்துவிடுவதைப் பார்த்து நிற்பவரை நோக்கி எழும் சிரிப்பை எங்களால் ஏற்க முடியாது. அதே நேரத்தில், அந்தக் களத்தில் இரவு முழுவதும் எங்கள் பெரியவர்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் சிரித்தது மேகத்தைப் பார்த்து, வராத லாரியைப் பார்த்து, மேலதிகாரி வரும் நாளில் மட்டும் சரியாக வேலை செய்யும் தூற்றும் இயந்திரத்தைப் பார்த்து. பட்டியல் எழுத்தரை வில்லனாக்கிவிடுவது எளிது. ஆனால் அவரும் பருவகாலப் பணியாளர். சாக்கு அனுப்புவது அவர் கையில் இல்லை, மூட்டைகளை ஏற்றிச்செல்லும் லாரியும் அவர் கையில் இல்லை, எடை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர். மேலே உள்ள யாரும் முகம் காட்டாத நிலையில், கீழே உள்ள அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட்டுக்கொண்டிருப்பதுதான் இந்தக் களத்தின் நகைச்சுவை. கும்பகோணத்துப் பெரியவர் சொன்ன தீராத விசை என்பதும் இதுவே என்று எனக்குப் படுகிறது: ஒவ்வொரு எபிசோடிலும் ஏதோ ஒன்று வந்துசேராமல் இருக்கும், அது வரும் வரை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே கதை.

பேச்சு மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எங்கள் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் பிறந்த கே.ஏ. தங்கவேலுவின் நகைச்சுவையில் ஆர்ப்பாட்டமே இருக்காது; நிதானமாக, எதிரில் இருப்பவரின் பேச்சையே எடுத்துத் திருப்பிக்கொடுப்பார். ஓங்கிப் பேசாமல், மரியாதை குறையாமல், ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லிக்கொண்டே காலை வாருவது எங்கள் பக்கத்து இயல்பு என்று நான் நம்புகிறேன். அது கோவைக் குசும்பைப் போலவோ மதுரை நையாண்டியைப் போலவோ இன்னும் திரையில் அடையாளம் பெறவில்லை. கோவையைச் சேர்ந்த நக்கலைட்ஸ் குழுவினர் கொங்குப் பேச்சிலேயே யூடியூபில் குடும்பக் கதைகளைச் சொல்ல, அதைத் தமிழ்நாடு முழுவதும் பார்க்கிறார்கள். வட்டாரப் பேச்சு தடையாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒன்று மட்டும் வேண்டுகோள். டெல்டா முழுவதையும் ஒரே பேச்சாக ஆக்கிவிடாதீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்து லாரி ஓட்டுநர் பேசுவதும், மயிலாடுதுறை மளிகைக்கடைக்காரர் பேசுவதும், எங்கள் காரைக்கால் பக்கத்து ஆட்கள் பேசுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உங்கள் பாத்திரங்கள் சுமந்தாலே, பெயர் சொல்லாமலே யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன பாத்திரப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. கணவர் வெளிநாட்டில் இருக்க, சாகுபடியைத் தானே பார்த்து, சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடி ஆவணங்களின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு நெல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் அறிவேன். அந்தக் களத்தில் மிகத் தெளிவாகக் கணக்குப் பேசுபவர்கள் அவர்கள்தான்.

வடவாறு (மன்னார்குடி) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அரசலாற்றங்கரை அம்மா சொன்ன பெண் பாத்திரம் வந்ததும், இரண்டு பங்காளிகளின் சண்டைக்கு நடுவே ஒரு மூன்றாவது குவியல் கிடைத்துவிட்டது. அவரே இருவருக்கும் கணக்குப் பார்த்துச் சொல்பவராக இருப்பார். என் பள்ளித் தோழர் ஒருவர் நெல் கொள்முதல் பணியில் பருவகால ஊழியராக இருந்தவர். அவரோடு சேர்ந்து எழுத முடிவுசெய்துள்ளேன். நன்னிலத்து அண்ணனிடம் இன்னும் ஒரு கேள்வி. முழுத் திரைக்கதையையும் எழுதி அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்தால், களத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொருவரை வைத்து எழுதிவிட மாட்டார்களா? ஒரு பக்கச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள்.

நன்னிலத்துக்காரன் (இப்போது சென்னை) எழுதியது:

தம்பி, பாதுகாப்பு நேர்மாறான திசையில் இருக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தம் நாடகத்தைத் தழுவித் திரைப்படம் எடுத்துவிட்டதாகத் தொடுத்த வழக்கில், கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அது எழுதப்பட்ட விதத்துக்கே உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்முதல் நிலையத்தில் ஒரு நகைச்சுவைத் தொடர் என்ற ஒற்றை வரியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பங்காளிகளும், அந்த அம்மையாரும், பட்டியல் எழுத்தரும் எந்த வரிசையில் என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதையே சட்டம் உங்களுடையதாகப் பார்க்கும். எனவே எழுத எழுத உங்கள் உரிமை வலுவாகும்.

எட்டு எபிசோடுகள் என்பதை உங்கள் நண்பர் குறையாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை நல்வாய்ப்பாகப் பார்க்கிறேன். தினசரித் தொடர் பறித்துக்கொண்ட நேரத்தை இந்த வடிவம் எழுதுபவருக்குத் திருப்பித் தருகிறது. குறுவை அறுவடையில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை என்று ஒரு பருவத்தையே எட்டு எபிசோடுகளாக வகுத்துவிடலாம். முதல் எபிசோடை வசனத்தோடு முழுமையாக எழுதுங்கள். மற்ற ஏழில் ஒவ்வொன்றுக்கும், எது வந்துசேரவில்லை, அதனால் யாருக்கு யாரோடு மோதல், எப்படி முடிகிறது என்பதை இரண்டு பக்கங்களில் எழுதுங்கள். பாத்திரக் குறிப்புகளைத் தனியாக வையுங்கள். சென்னையில் உள்ள திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவுசெய்யும் வழி உண்டு. 2018-இல் ‘சர்கார்’ படத்தின் கதை பற்றிய பிரச்சினை எழுந்தபோது, வருண் ராஜேந்திரனுக்குப் படத்தில் நன்றி அறிவிப்புக் கிடைத்ததற்கு, அவர் தம் கதையை முன்பே அந்தச் சங்கத்தில் பதிவுசெய்து வைத்திருந்ததே அடிப்படையாக அமைந்தது.

ஒப்பந்தம் என்று வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திரையரங்கு அல்லாத வழிகளில் படைப்பு பயன்படும்போது வரும் உரிமைத் தொகையில் எழுத்தாளருக்கு உள்ள சம பங்கை அவர் விட்டுக்கொடுத்துவிட முடியாது. அப்படி விட்டுக்கொடுப்பதாக ஏதேனும் ஒரு வரி இருந்தால், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். எழுத்து, கதை, வசனம் என்று திரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். உங்கள் தோழரின் பெயரும் சேர்த்து.

மேடையேற்றும் நாளை இங்கே அறிவியுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

காவிரிக்கரை வாசகர் (கும்பகோணம்) எழுதியது:

கும்பகோணத்தில் மேடையேற்ற விரும்பினால், அரங்க ஏற்பாட்டையும் ஒலிபெருக்கியையும் நாங்கள் சில நண்பர்கள் பார்த்துக்கொள்கிறோம். சம்பா அறுவடை மும்முரத்தில் யாரும் வர இயலாது. சித்திரையில் வைத்துக்கொள்வது நல்லது.